மிஷின் 231 காட்டியது, அப்பாவுக்கோ வேர்த்துக் கொட்டியது

எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது, திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார். 18 வருஷ சுகர். காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரு மாத்திரை. போன வைகாசியில் நான் புதுச்சேரியிலிருந்து போயிருந்தபோது மாமா பண்ருட்டியிலிருந்து ஒரு பெரிய பலாப்பழம் கொண்டு வந்தார். பலா அறுப்பது என்றால் எங்கள் வீட்டில் அப்பாதான், வேறு யாரையும் கத்தி தொட விடமாட்டார். மாத்திரை போட்டு ரெண்டே இட்லியோடு எழுந்தவர், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பிசினைத் துடைத்து, சுளை எடுத்து, கொட்டை நீக்கி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு வைத்து முடிக்கும்போது மணி ஒன்றரை. ஒரு சுளைகூட வாயில் போடவில்லை. நான்தான் எதிரிலேயே உட்கார்ந்து காவல் காத்தேனே.

"ஒரு மாதிரியா இருக்கும்மா" என்றார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. துண்டில் கையைத் துடைத்துவிட்டு விரலை நீட்டினார். சுகர் பார்க்கும் மிஷினில் 231. எனக்கு வந்த கோபம்! நான் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து திருட்டுச் சுளை தின்றிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். "கூடத்துலயே இருபது சுத்து நடங்க, அப்புறம்தான் சோறு" என்றேன். ஆமாம், நானேதான் சொன்னேன்.

பத்து நிமிஷத்தில் சட்டை முழுக்க நனைந்து, கை நடுங்க வந்து நின்று, என்னை அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை போய் ஆறு வருஷம் ஆகிறது. எதிர்வீட்டு அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், நான் கத்தின கத்தலில் ஓடி வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கை கழுவினாரா?" சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தினால் 46. சுகர் ஏறவே இல்லை, இறங்கித்தான் கிடந்திருக்கிறது.

பலாச்சுளையின் சர்க்கரை விரல் நுனியில் அப்படியே ஒட்டியிருந்திருக்கிறது. மிஷினில் செருகி ரத்தத்துளியைத் தொடவைக்கும் பட்டைதான் ஸ்ட்ரிப். இப்போதைய ஸ்ட்ரிப்புக்குப் பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தமே போதும், அவ்வளவு சின்னத் துளியில் பழத்தின் பிசுக்கு கொஞ்சம் கலந்தால் போதாதா? துண்டில் துடைத்தால் அது போகாது. ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தாலும் முழுதாகப் போகாது, தண்ணீரும் சோப்பும்தான் வேண்டும் என்றார் அக்கா. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். 15 நிமிஷம் கழித்து 82. பிறகு சோறு. சாப்பிட்டுவிட்டு அப்பா ஒன்றுமே நடக்காதது போல பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார், எனக்குத்தான் சாயந்திரம் வரை கை நடுங்கியது.

அக்கா என்னைத் திட்டியதையும் எழுதிவிடுகிறேன். "சுகர் 70-க்குக் கீழ போனாலே லோ, 54-க்குக் கீழன்னா விளையாட்டே இல்ல. வேர்க்குது, நடுங்குது, பேச்சு குழறுதுன்னா மிஷின் என்ன காட்டினாலும் முதல்ல குளுக்கோஸ் குடு. நெஜமாவே 231 இருந்திருந்தாகூட மூணு ஸ்பூன்ல ஒண்ணும் ஆகியிருக்காது."

முதுநகர்க்காரர்:
எங்கள் வீட்டுக் கதை ஸ்ட்ரிப் டப்பா. கடலிலிருந்து கூப்பிடு தூரம், வீட்டில் உப்பே நீர்த்துப் போகும். என் மனைவி டப்பா மூடியைச் சரியாக அழுத்துவதே இல்லை. அது போதாதென்று நான் வேறு வெளியூர் போகும்போது நாலைந்து ஸ்ட்ரிப்பை எடுத்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள் இருப்பதே அதை மூடி வைக்கத்தான் என்பது தெரியாது. வெறும் வயிற்றில் லேபில் ரத்தம் கொடுத்த கையோடு அங்கேயே என் மிஷினிலும் பார்த்தேன்: லேப் 118, மிஷின் 164. புது டப்பா வாங்கிப் பார்த்தால் 124. இத்தனை மாதம் 164, 170 என்று டாக்டரிடம் காட்டி மாத்திரையைக் கூட்டச் சொன்னது நான்தான்! ஒப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் ஒப்பிடுங்கள், சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில், லேபில் கை நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தத்தைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

இன்னொன்று. சுகர் மிஷின்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தரத்தின் 2013 பதிப்புப்படி, 100-க்குக் கீழே உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 தடவை லேபைவிட 15-க்குள் முன்னே பின்னே காட்டினாலே மிஷின் பாஸ். அதாவது உண்மையில் 62 இருக்கும்போது 77 என்று காட்டுகிற மிஷினும் நல்ல மிஷின்தான்.

வில்லியனூரிலிருந்து:
சுகர் இறங்கினாலும் அம்மாவுக்கு நடுக்கமே வராது. பி.பி.க்கும் இதயத்துக்கும் மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார், அந்த வகை மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடுமாம். மிஞ்சுவது வியர்வைதான். ஆனால் அதுவும் தூக்கத்தில் வந்தால் யாருக்குத் தெரியும்? காலையில் தலையணை ஈரம், தலைவலி, ராத்திரி முழுக்கக் கெட்ட கனவு. ஃபேன் ஓடவில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கண்டென்சர் மாற்றினோம், சிரிக்காதீர்கள். டாக்டர் சொல்லி மூன்று நாள் விடியற்காலை 3 மணிக்கு எழுப்பிப் பார்த்தேன், ஒரு நாள் 52. ராத்திரி இன்சுலினைக் குறைத்த பிறகு தலையணை காய்ந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒருவர் நினைவு தப்பிக் கிடந்தபோது வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றப் போனார்கள், புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைப்பதுதான் சரி.

தினமும் கடலூர்-புதுச்சேரி பஸ்ஸில் போகிறவன்:
அரியாங்குப்பத்தில் பஸ் நகராத ஒரு நாள் எனக்குக் கண் இருட்டியது. பக்கத்து சீட் அம்மா பையிலிருந்து கமர்கட் கொடுத்தார், இரண்டு தின்றேன், கால் மணி நேரமாகியும் தெளியவில்லை. என் மாத்திரையில் கிளிமிபிரைடோடு வோக்ளிபோஸும் இருக்கிறது. அது வெல்லமும் சர்க்கரையும் குடலில் உடைந்து ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும், குளுக்கோஸைத் தடுக்காது. ஆகவே இப்போது பையில் குளுக்கோஸ் பவுடர் மட்டும்தான். இதை மாத்திரை எழுதிக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம், யாரும் சொல்லவில்லை.

முதலில் எழுதியவள்:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டார்கள். குழாயடிக்குப் போய்க் கை கழுவாமல் மிஷினைத் தொடக் கூடாது என்று சட்டம். இந்த வருஷமும் மாமா பலா கொண்டு வந்தார், இந்த வருஷமும் அப்பாதான் அறுத்தார். பதினொரு மணிக்கு இட்லித் தட்டோடு போய் நின்றேன். "போன வருஷம் ஒரே ஒரு சுளை சாப்பிட விட்டிருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது" என்கிறார். என்னிடம் பதில் இல்லை.