புதுப்பிப்பு: டெப்ஸ் வீட்டைக் காப்பாற்றியது எது?

இந்தியானா மாநிலம் டெரஹோட்டில் உள்ள தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸின் வீட்டைப் பற்றி முன்பு எழுதியபோது, "தேசிய வரலாற்றுச் சின்னம் ஆகிவிட்டது, இனி யாரும் கை வைக்க முடியாது" என்று சொல்லியிருந்தேன். அது தவறு.

அமெரிக்காவில் அந்த அந்தஸ்து பெரிய கௌரவம்தான். ஆனால் தனியார் சொத்தென்றால், மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்படாதவரை, உரிமையாளர் இடிப்பதை அது தடுக்காது. தடுக்கும் வலு பெரும்பாலும் உள்ளூர் நகர விதிகளுக்குத்தான் உண்டு.

அப்படியானால் இந்த வீடு எப்படித் தப்பியது? 1890-இல் கட்டிய வீடு. 1926-இல் டெப்ஸ் இறந்த பிறகு கைமாறி, கல்லூரி மாணவர்கள் தங்கும் இடமாகக்கூட இருந்தது. 1962-இல் அவர் பெயரிலான அறக்கட்டளை அதை வாங்கியது. சின்னம் என்ற அறிவிப்பு 1966-இல்தான் வந்தது. முதலில் மனிதர்கள், பிறகுதான் அரசு! எனக்கு இதுதான் மனதைத் தொட்டது.

இன்று அது அருங்காட்சியகம். கூரையடி அறைச் சுவர்களில் அவர் வாழ்க்கையே ஓவியமாக நிற்கிறது. சிறையிலிருந்தபடியே 1920 ஜனாதிபதி தேர்தலில் 9 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கியவர் அல்லவா!

பழைய பதிவையும் திருத்திவிட்டேன்.