புதுப்பிப்பு: 1/35 சி-ஹா டாங்கி, வெள்ளைப் படலமும் செம்மண்ணும்

ஜப்பானிய டைப் 97 சி-ஹா டாங்கியின் 1/35 மாடலில் (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) சீக்கிரம் காயும் லேக்கர் பெயின்ட் வெள்ளைப் படலமாக வெளுத்துப்போனதையும், சேறு பொம்மைபோலத் தெரிவதையும் போன மாதம் எழுதி உதவி கேட்டிருந்தேன். இரண்டும் சரியாகிவிட்டன.

வெளுத்ததற்குக் காரணம் ஈரக்காற்று. எங்கள் ஊரான மலேசியாவின் சிலிம் ரிவரில் மாலை மழை நேரத்தில் ஸ்பிரே செய்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடி ரிட்டார்டர் (பெயின்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்து, வெயில் ஏறிய பிறகு மெல்லிசாக அடித்தேன். படலமே வரவில்லை.

சேற்றுக்குத்தான் நான்கு நாள். தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே பூசியது தப்பு. இந்த அளவில் 1 மில்லிமீட்டர் மணல், நிஜத்தில் 35 மில்லிமீட்டர் கல்! அம்மா அம்மியில் அரைத்துக் கொடுத்தார். மெல்லிய துணியில் சலித்து, வெள்ளைப் பசையில் குழைத்து, சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் நடுவே மட்டும் வைத்தேன். காய்ந்ததும் அசல் நம் ஊர்ச் சாலைதான்.

அப்புறம், பின்னணியில் செம்பனை வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தேன். அதை மாற்றிவிட்டேன். இரண்டாம் உலகப் போரில், 7.1.1942 அன்று, வடக்கே துரோலாக் ஊர்ப் பக்கமிருந்து ஜப்பானியரின் இந்த டாங்கிகள் சிலிம் ரிவருக்குள் புகுந்தபோது சாலையோரம் இருந்தவை காடும் பால்மரமும் (ரப்பர் மரம்). பால்மரத் தண்டுகளைச் செம்புக் கம்பியில் முறுக்கத் தொடங்கியாயிற்று. வெட்டுத் தழும்பு வரைவதுதான் பாக்கி.