முதல் கேமிங் கணினி: இந்தப் பட்டியலில் எது எதோடு சேராது?

தறிநாடா (கரூர்)

வணக்கம். படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த 80,000 ரூபாயில் எனக்கும் கல்லூரியில் படிக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு கேமிங் கணினி கட்டலாம் என்று இருக்கிறேன். நகைச்சீட்டில் போட்டிருக்கலாமே என்று அம்மா தினமும் ஒருமுறை சொல்லிவிடுகிறார். எனவே தவறு செய்ய எனக்கு அனுமதி இல்லை.

கணினியின் மூடியைக்கூட நான் இதுவரை திறந்ததில்லை. மிக்சிக்குப் பிளக் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

பட்டியல் இது. பிராசஸர் ரைசன் 5 7600. மதர்போர்டு பி550எம். ராம் டிடிஆர்4, 16 ஜிபி, ஒரே துண்டு. கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060, மூன்று விசிறி வைத்தது. சேமிப்புக்கு எஸ்எஸ்டி, 1 டிபி என்விஎம்இ. கேபினெட் சிறியது, அதோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) இலவசமாகத் தருவதாகக் கடையில் சொன்னார்கள். மானிட்டர் புதிதாக வாங்கவில்லை. அலுவலகத்தில் கழித்துப் போட்ட 19 அங்குல மானிட்டர் விஜிஏ கம்பியோடு இருக்கிறது. வீட்டில் பழைய 600 விஏ யுபிஎஸ் ஒன்றும் உண்டு.

பிராசஸரைச் சொன்னவர் ஒருவர், மதர்போர்டைச் சொன்னவர் வேறொருவர், கார்டைத் தம்பி தேர்ந்தெடுத்தான். சம்பந்தம் பேசாமலே கல்யாணம் வைத்தது போல இருக்கிறது. பொருத்தம் பார்த்துச் சொல்லுங்கள்.

அரைவேக்காடு

முதல் இரண்டு வரியிலேயே சிக்கல். 7600 ஏஎம்5 சாக்கெட்டுக்கானது (சாக்கெட் என்பது போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்). பி550 போர்டில் இருப்பது ஏஎம்4. ஏஎம்4 பிராசஸரின் அடியில் 1331 ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏஎம்5 பிராசஸரின் அடி தட்டையாக, 1718 பொன்னிறப் புள்ளிகளோடு இருக்கும். ஊசிகள் போர்டுக்குப் போய்விட்டன. எப்படித் திருப்பினாலும் உட்காராது.

ராமும் அதே கதைதான். ஏஎம்5 டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 தொடுமுனைகள் என்பதால் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பலத்தைக் காட்டி அழுத்தினால் ஸ்லாட்டின் காது உடையும். உடைத்தவன் சொல்கிறேன்.

வழி இரண்டு. 7600 வேண்டுமானால் பி650 போர்டும் டிடிஆர்5 ராமும் வாங்குங்கள். போர்டும் ராமும் இருக்கட்டும் என்றால் பிராசஸரை ரைசன் 5 5600 ஆக்குங்கள். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

பழைய கடைக்காரன் (ஈரோடு)

தம்பி, பதினெட்டு ஆண்டுகள் கணினி பொருத்திக் கொடுக்கும் கடை நடத்தினேன். இப்போது கடை இல்லை, நாக்கு மட்டும் இருக்கிறது.

சாக்கெட் தவறைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது நல்ல தவறு. உட்காராது, நீங்கள் கடைக்குத் திரும்பிப் போய் மாற்றிக்கொள்வீர்கள். உட்கார்ந்துவிடுகிற தவறுக்குத்தான் பயப்பட வேண்டும். உங்கள் பட்டியலில் அப்படி ஒன்று இருக்கிறது: அந்த இலவச எஸ்எம்பிஎஸ்.

கடையில் அதைத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். 450 என்று பெரிதாக அச்சடித்திருப்பதை விடுங்கள். 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்று இருந்தால் 12-ஐயும் 18-ஐயும் பெருக்குங்கள்: 216 வாட். பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது அவ்வளவுதான். மீதி வாட்டெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டியது. இன்றைய கணினியில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? 7600-ஐ 65 வாட் என்பார்கள், முழுமூச்சில் 88 வரை இழுக்கும். 4060-க்கு 115. போர்டு, ராம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு 50 என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 250. அந்த 216 வாட்காரன் கணினியை எழுப்பிவிடுவான், விண்டோஸும் வந்துவிடும். விளையாட்டைத் தொடங்கி அரை மணி நேரம் கழித்து அணைந்துபோகும். நீங்கள் ராமைக் குறை சொல்வீர்கள், விண்டோஸை மூன்று முறை மாற்றிப் போடுவீர்கள். இந்த நாடகத்தை என் கடை மேசையில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

நல்ல 550 வாட் ஒன்று வாங்குங்கள். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்க வேண்டும். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல) முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்வது. உள்ளே பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இருக்கிறதா என்று சொல்லாது. எனவே முத்திரையோடு உத்தரவாத ஆண்டுகளையும் பாருங்கள். ஐந்து ஆண்டு தருபவன் கொஞ்சமாவது யோசித்துத்தான் தருவான். பெரும்பாலான 4060 கார்டுகளுக்கு 8 ஊசி (8-pin) மின் இணைப்பு ஒன்று போதும். அது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். பழைய மோலெக்ஸ் கம்பியிலிருந்து மாற்றித் தரும் குட்டிக் கம்பியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

இன்னொன்று. கம்பிகளைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை வாங்கினால், அதன் பெட்டியில் வந்த கம்பியைத் தவிர வேறு கம்பியைத் தொடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையின் ஊசி வரிசைக்குப் பொதுவான இலக்கணம் கிடையாது. இதை நான் கற்ற விதம் அசிங்கமானது. வாடிக்கையாளர் ஒருவரின் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் பழைய சாட்டா கம்பி உள்ளே அழகாகக் கட்டியிருந்ததால் அதை அப்படியே புதியதில் செருகினேன். அச்சாகப் பொருந்தியது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போயிற்று. இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்றில் அவர் மகளின் கல்யாணப் படங்கள். டிஸ்க்குக்குப் பணம் கொடுத்தேன். படத்துக்கு என்ன கொடுப்பது? ஆறு மாதம் அந்தத் தெருவழியாகப் போகவில்லை.

கேபினெட்: மூன்று விசிறிக் கார்டு 300 மில்லிமீட்டர் வரை நீளும். சிறிய கேபினெட்டில் கார்டுக்கான இடம் 270 என்று போட்டிருந்தால், முன்பக்கம் மாட்டும் விசிறியின் 25 மில்லிமீட்டரையும் அதிலேயே கழிக்க வேண்டியிருக்கும். இரண்டு விசிறிக் கார்டு வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. தம்பிக்கு மூன்றாவது விசிறி அழகுக்கு வேண்டுமானால் அறையில் டேபிள் ஃபேன் வைத்துக்கொள்ளட்டும்.

யுபிஎஸ்: 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். விளையாடும்போது மானிட்டரோடு சேர்த்து 300-ஐ நெருங்கும். பழைய பேட்டரி தாங்காது. பிறகு 1000 விஏ வாங்குங்கள்.

என் கட்சி ஏஎம்5தான். 7600-க்குள் சிறிய கிராஃபிக்ஸ் இருக்கிறது. விளையாட உதவாது, ஆனால் கார்டு பழுதானால் அதைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்க்கலாம். 5600-இல் அந்த வசதி இல்லை. 7600-ஐப் பெட்டியோடு வாங்குங்கள். பெட்டியில்லாமல் டிரே என்று விற்பதில் கூலர் (பிராசஸரைக் குளிர்விக்கும் விசிறி) வராது.

வேளச்சேரி மீனா

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் ஐயாவோடு எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் மானிட்டரை ஒருவரும் பார்க்கவில்லையே. 4060-இல் எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் மட்டும்தான். விஜிஏ துளையே கிடையாது. அடாப்டர் ஒன்றை வாங்கி ஒட்டவைத்தாலும் அந்த 19 அங்குலம் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸைத் தாண்டாது. கார்டு நொடிக்கு 120 படம் வரைந்தாலும் நீங்கள் பார்க்கப்போவது 60தான். பட்டுப்புடவை எடுத்துக்கொடுத்து இருட்டறையில் உட்காரவைப்பது போல.

என் யோசனை 5600, பி550, டிடிஆர்4. மிச்சமாகும் பணத்தில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஆனால் கடையில் 5600 இல்லை, 5600ஜி இருக்கிறது என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். பிராசஸரோடு பேச 4060 எட்டு தடங்களை மட்டுமே பயன்படுத்தும் கார்டு. 5600ஜி அந்தத் தடத்தின் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0-ஓடு நின்றுவிடுவதால் அந்த எட்டும் குறுகிவிடும். பழைய பி450 போர்டை மலிவாகத் தந்தாலும் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் 5600-ஐ அது அடையாளம் காணாது, கறுப்புத் திரைதான்.

ஏஎம்5 போர்டைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதாக இருந்தால் மதர்போர்டுப் பெட்டியைக் கடையிலேயே திறந்து சாக்கெட்டின் ஊசிகளைக் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று சாய்ந்திருந்தாலும் அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் சொன்னால் நீங்கள் வளைத்ததாகத்தான் ஆகும். பில்லில் வரிசை எண் இருக்க வேண்டும்.

பழைய கடைக்காரன் (ஈரோடு)

மானிட்டரை நான் கவனிக்கவில்லை, மீனாம்மா. எஸ்எம்பிஎஸ்ஸைக் கண்டதும் மற்றது கண்ணில் படவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் குறைக்க வேண்டியது பிராசஸரை அல்ல என்பேன். கார்டை ஆர்எக்ஸ் 6600 ஆக்கினால் மானிட்டருக்குப் பணம் வந்துவிடும். 132 வாட், அதே 550 தாங்கும். கார்டை மூன்று ஆண்டுகள் கழித்து ஓரிரு திருகைக் கழற்றி மாற்றலாம். போர்டையும் ராமையும் பிராசஸரையும் மாற்றுவது வீட்டை இடித்துக் கட்டுவது.

தறிநாடா (கரூர்)

மூவருக்கும் நன்றி. தம்பியோடு ஒரு நாள் சண்டை போட்டபின் முடிவு: 7600, பி650எம், டிடிஆர்5 8 ஜிபி இரண்டு, இரண்டு விசிறி வைத்த 6600, 550 வாட் எஸ்எம்பிஎஸ், கார்டுக்கு 320 மில்லிமீட்டர் இடமுள்ள கேபினெட், 24 அங்குல 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். 3,000 ரூபாய் மேலே போகிறது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

போர்டில் ராமுக்கு நான்கு ஸ்லாட் இருக்கின்றன. எந்த இரண்டில்?

வேளச்சேரி மீனா

பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ போட்டால் கணினி ஓடினாலும் ராம் ஒற்றை வழியில், வேகம் குறைந்து வேலை செய்யும். எல்லாம் முடிந்தபின் பயாஸில் எக்ஸ்போ என்ற ராம் அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் ராம் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைத் தராது.

முக்கியமானது: முதல் முறை மின்சாரம் கொடுத்ததும் திரையில் ஒன்றும் வராது. ஏஎம்5 போர்டு ராமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். பயந்துபோய் அணைத்துவிடாதீர்கள். நான் இரண்டு முறை அணைத்தேன்.

தறிநாடா (கரூர்)

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கரைக்கு முடித்தோம். பின்பக்கத் தகட்டை மாட்டாமல் போர்டைத் திருகிவிட்டு, ஒன்பது திருகையும் மறுபடி கழற்றினோம். மின்சாரம் கொடுத்ததும் விசிறி சுற்றியது, திரை கறுப்பு. மீனா அக்கா சொன்னது நினைவுக்கு வந்ததால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம். அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், திட்டியிருந்தால் பரவாயில்லை. பிறகு படம் வந்தது.

விண்டோஸ் போட்டாகிவிட்டது, எல்லாம் ஓடுகிறது. ஆனால் கார்ப் பந்தய விளையாட்டில் நொடிக்கு 22 படத்துக்கு மேல் ஏறவில்லை. மூன்று நாளாகக் கார்டின் டிரைவர் மென்பொருளைக் கழற்றிக் கழற்றிப் போடுகிறோம். 6600 வாங்கியதால்தான் இப்படி, 4060 வாங்கியிருக்க வேண்டும் என்று தம்பி ஓயாமல் சொல்கிறான். கார்டே பழுதா?

பழைய கடைக்காரன் (ஈரோடு)

டிரைவரைத் தொடாதீர்கள். கேபினெட்டின் பின்புறம் போய்ப் பாருங்கள். மானிட்டர் கம்பி எங்கே செருகியிருக்கிறது? மேலே யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்திலா, கீழே படுக்கைவாட்டில் இருக்கும் துளையிலா?

தறிநாடா (கரூர்)

மேலே.

பழைய கடைக்காரன் (ஈரோடு)

அது மதர்போர்டின் துளை. இவ்வளவு நேரம் நீங்கள் பிராசஸருக்குள் இருக்கும் குட்டி கிராஃபிக்ஸில் விளையாடியிருக்கிறீர்கள். 5600 ஆக இருந்தால் படமே வந்திருக்காது, முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். 7600 வாங்கச் சொன்னவன் நான்தான். தம்பியிடம் என்னைத் திட்டச் சொல்லுங்கள். கீழே மாற்றிச் செருகுங்கள். பிறகு விண்டோஸின் திரை அமைப்பில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், அது பெரும்பாலும் 60-இல்தான் நிற்கும்.

தறிநாடா (கரூர்)

மாற்றிவிட்டேன், ஐயா. நூற்றைத் தாண்டி ஓடுகிறது. தம்பி 4060 பேச்சை எடுப்பதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதும் இல்லை. யுபிஎஸ் அடுத்த மாதச் சம்பளத்தில். அதுவரை மழை வந்தால் விளையாட்டு கிடையாது என்று அம்மா சட்டம் போட்டிருக்கிறார்.