4 ஜிபி ராம் லேப்டாப், விண்டோஸ் 10 இருக்கணும், உள்ளே லினக்ஸும் ஓடணும்: எதைப் போடுவது?

குடியாத்தம்_சென்டர்:

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர். 5 லேப்டாப், எல்லாம் ஒரே மாடல்: ஐ3 (2 கோர்), 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் டேலி வகுப்பு, சாயந்திரம் +1, +2 பிள்ளைகளுக்கு சி++, பைத்தான். டேலி இருப்பதால் விண்டோஸை எடுக்க முடியாது. டூயல் பூட் (ஒரே டிஸ்கில் இரண்டு சிஸ்டம்) போட்டால் பசங்க தெரியாமல் பார்ட்டிஷனில் கை வைத்துவிடுவார்களோ என்று பயம்.

அதனால் ஒரு லேப்டாப்பில் மட்டும் விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமா விஎம்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் 7 போட்டு, அதில் உபுண்டு 24.04 லினக்ஸ் ஏற்றினேன். 2 ஜிபி ராம், 2 கோர் கொடுத்தேன். லாகின் திரை வரவே பல நிமிஷம் ஆகுது. ஒரு விண்டோவைத் திறந்தால் விண்டோஸும் சேர்ந்து உறைந்து நிற்குது. கீழ் ஓரத்தில் பச்சை ஆமை படம் ஒன்று தெரியுது, அது என்ன? இந்த மெஷினில் ஓடக்கூடிய லினக்ஸ் எது? ராம் கூட்டினால்தான் ஆகுமா?

சத்துவாச்சாரி_சர்வீஸ்:

சார், முதல்ல அந்த ஆமையைப் பாருங்க. எந்த லினக்ஸ் போட்டாலும் ஆமை இருக்கிற வரைக்கும் இழுத்துக்கிட்டுத்தான் ஓடும்.

அதுக்கு அர்த்தம்: பிராசசரில் இருக்கிற விர்ச்சுவலைசேஷன் வசதியை விண்டோஸோட சொந்த விஎம் இஞ்சினான ஹைப்பர்-வி ஏற்கனவே பிடிச்சு வெச்சிருக்கு. விர்ச்சுவல்பாக்ஸ் நேரா அதைத் தொட முடியாம, ஹைப்பர்-வி வழியா சுத்திப் போகுது. சாதாரணமா அந்த இடத்துல சிப் மேல 'வி' எழுத்து போட்ட படம் வரணும்.

விண்டோஸ் ஹோம்ல ஹைப்பர்-வியே கிடையாதேன்னு கேப்பீங்க. பேர்ல இல்லாட்டியும் அடியில இஞ்சின் ஓடும். ரெண்டு இடம் பாருங்க. 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியல்ல 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்', 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்' ரெண்டிலும் டிக் எடுங்க. டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸே தர்ற லினக்ஸ் வசதி) போட்டுப் பார்த்த மெஷின்ல முதல் டிக் கண்டிப்பா இருக்கும். அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் உள்ள போய் 'மெமரி இன்டக்ரிட்டி' ஆஃப் பண்ணுங்க. நிறைய பேர் முதலாவதை மட்டும் எடுத்துட்டு, ஆமை போகலையேன்னு திரும்பி வருவாங்க. மாட்டிக்கிட்டு இருக்கிறது இந்த ரெண்டாவதுலதான்.

அப்பவும் போகலைன்னா, அட்மினா கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிசிடி-எடிட் கட்டளையில 'ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப்' மதிப்பை 'ஆஃப்' ஆக்குங்க. முடிச்சதும் ரீஸ்டார்ட் கொடுங்க, ஷட்டவுன் கொடுத்து ஆன் பண்ணாதீங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தா ஷட்டவுன்ல கெர்னல் முழுசா அணையாது, டிஸ்க்ல சேமிச்சு வெச்ச பழைய நிலையிலயே எழும்.

ஒண்ணு சொல்லிடறேன்: மெமரி இன்டக்ரிட்டி சும்மா இருக்கிற வசதி இல்ல, கெட்ட டிரைவர் கெர்னலுக்குள்ள நுழையாம தடுக்கிறது அது. பசங்க பென் டிரைவ் சொருகுற மெஷின். ஆன்ட்டிவைரஸை ஒழுங்கா அப்டேட்ல வெச்சுக்கோங்க.

பாலாற்று_மணல்:

ஆமை விஷயத்தில் மேலே சொன்னதுதான் சரி. ஆனால் ஆமை போனாலும் உங்கள் உபுண்டு ஓடாது. கணக்கைப் பாருங்கள்.

4 ஜிபியில் கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10 ஒன்றும் திறக்காமலே 2 ஜிபியை நெருங்கும். நீங்கள் 2 ஜிபியைத் தூக்கி விஎம்முக்குக் கொடுத்ததும் விண்டோஸுக்கு மூச்சுவிட இடமில்லை, பேஜ் ஃபைலை (ராம் போதாதபோது டிஸ்கில் ஒதுக்கும் இடம்) நோக்கி ஓடும். உள்ளே உபுண்டுவும் தன் பங்குக்கு ஸ்வாப்பை (லினக்ஸில் அதே வேலைக்கான இடம்) நோக்கி ஓடும், அதுவும் அதே ஹார்ட் டிஸ்கில்தான். ஒரே ஊசியை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது. உபுண்டு 24.04 டெஸ்க்டாப்புக்கு 4 ஜிபி வேண்டும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது: உங்களுக்கு லினக்ஸ் டெஸ்க்டாப்பே தேவையில்லை. ஜி++, பைத்தான், ஷெல், இவ்வளவுதானே? டெபியன் 13-ஐ டெஸ்க்டாப் இல்லாமல் போட்டு, விண்டோஸ் பக்கத்திலிருந்து எஸ்எஸ்எச் (இன்னொரு மெஷினின் கட்டளைத் திரைக்குள் நெட்வொர்க் வழியாக நுழையும் வசதி) மூலம் நுழையுங்கள். சும்மா இருக்கும்போது 200 எம்பி சுற்றித்தான் எடுக்கும். 768 எம்பி ராம், 1 கோர் தாராளம். இரண்டு கோரும் கொடுத்தால் விண்டோஸ் தன் வேலைக்கு அல்லாடும்.

டெபியனின் நெட் இன்ஸ்டால் ஐஎஸ்ஓவை (நிறுவும் டிஸ்கின் ஃபைல்) எடுங்கள். விஎம் உருவாக்கும் திரையில் 'ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன்' டிக் செய்யுங்கள். இதை விட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் தானே எல்லாம் நிறுவி, சூடோ (அட்மின்) உரிமை இல்லாத ஒரு பயனரை உருவாக்கி வைக்கும். டிஸ்க் 12 ஜிபி போதும். டெபியன் நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விடுங்கள், அப்போதுதான் உங்கள் பயனருக்கு சூடோ தானாகக் கிடைக்கும். 'முழு டிஸ்கையும் பயன்படுத்து' என்று கேட்கும், பயப்படாமல் சரி சொல்லுங்கள். அது விஎம்மின் 12 ஜிபி ஃபைலைத்தான் சொல்கிறது, உங்கள் டேலி டேட்டாவை அல்ல. மென்பொருள் தேர்வுத் திரையில் டெஸ்க்டாப், க்னோம் இரண்டையும் ஸ்பேஸ் பார் தட்டி எடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சர்வர், ஸ்டாண்டர்ட் யூட்டிலிட்டீஸ் மட்டும் வையுங்கள். கடைசியில் க்ரப் (லினக்ஸைத் தொடக்கிவைக்கும் புரோகிராம்) எங்கே போடுவது என்று கேட்கும்போது எஸ்டிஏ என்று முடியும் டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். 'கையால் எழுது' என்பதில் காலியாக எண்டர் தட்டினால் பூட் ஆகாது.

பிறகு நெட்வொர்க்கை என்ஏடியிலேயே (விஎம் விண்டோஸின் இணைப்பு வழியாக வெளியே போகும் முறை) வைத்து, போர்ட் ஃபார்வர்டிங்கில் ஒரு விதி: ஹோஸ்ட் ஐபி 127.0.0.1, ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22. விண்டோஸ் 10-இல் எஸ்எஸ்எச் ஏற்கனவே உண்டு. கமாண்ட் பிராம்ப்டிலிருந்து 2222 போர்ட்டுக்குப் போனால் உள்ளே இருப்பீர்கள். விஎம்மை 'ஹெட்லெஸ் ஸ்டார்ட்' கொடுத்துத் தொடங்கினால் அதன் திரைகூட வராது.

உள்ளே போனதும் ஆப்ட் (டெபியனின் மென்பொருள் நிறுவும் கட்டளை) மூலம் பில்ட்-எசென்ஷியல், பைத்தான்3-வென்வ், இசட்ரேம்-டூல்ஸ் மூன்றையும் போடுங்கள். இசட்ரேம் என்பது ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப். அதன் அமைப்புக் கோப்பில் பெர்சென்ட் வரியின் முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை எடுத்து 50 என்று வையுங்கள். ஹார்ட் டிஸ்க் ஸ்வாப்பைவிட அதற்கு முன்னுரிமை அதிகம், அதனால் டிஸ்கைத் தொடுவது குறையும்.

ராம் கூட்டுவதா என்று கேட்டீர்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி மாட்டுங்கள். டேலி வகுப்புக்கும் அதனால் பலன் உண்டு.

ஆற்காடு_ரூட்:

டெபியன் எதுக்கு, ஆல்பைன்னு ரொம்பச் சின்ன லினக்ஸ் இருக்கு, அதைப் போடுங்களேன். விர்ச்சுவல் மெஷினுக்குன்னே தனி ஐஎஸ்ஓ இருக்கு, 100 எம்பிகூட வராது. 'செட்டப்-ஆல்பைன்' ஒரு கட்டளை, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். 256 எம்பி ராம்லயே ஓடும்.

பாலாற்று_மணல்:

ஆல்பைன் அருமையான சிஸ்டம், மறுக்கவில்லை. சர்வருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் டெபியன், உபுண்டுவில் இருக்கும் ஜிலிப்சி என்ற சி நூலகம் கிடையாது, மசல் என்ற வேறு சி நூலகம். வெளியிலிருந்து இறக்கும் ரெடிமேட் பைனரிகள் பெரும்பாலும் ஜிலிப்சிக்காகச் செய்தவை, ஆல்பைனில் 'ஃபைல் இல்லை' என்று சொல்லும். ஃபைல் கண்முன்னால் இருக்கும், உள்ளே அது தேடும் லோடர்தான் இல்லை. பிப் (பைத்தானின் பேக்கேஜ் நிறுவும் கட்டளை) மூலம் போடும் சில பைத்தான் பேக்கேஜ்களுக்கும் மசலுக்கான ரெடிமேட் வடிவம் (வீல்) இருக்காது, மூலத்திலிருந்து கம்பைல் செய்யப் போகும். 1 கோர், 768 எம்பியில் அது முடிவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். வழக்கமான ஷெல்லான பாஷ்கூட முதலில் இருக்காது, தனியாகப் போட வேண்டும். 150 எம்பி மிச்சம் பிடிக்க இவ்வளவு தொல்லை தேவையா?

குடியாத்தம்_சென்டர்:

ரொம்ப நன்றி. மெமரி இன்டக்ரிட்டியை ஆஃப் செய்ததும் ஆமை போய்விட்டது. டெபியன் சொன்னபடியே போட்டேன், ஹெட்லெஸ்ஸில் நன்றாக ஓடுது, விண்டோஸும் தடுமாறவில்லை.

இப்போ மூன்று சிக்கல். ஒன்று, நோட்பேடில் எழுதி ஷேர்ட் ஃபோல்டர் வழியா எடுத்துப்போன ஷெல் ஸ்கிரிப்ட் 'ரிக்வயர்ட் ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று நிற்குது. இரண்டு, அதே ஃபோல்டரில் பைத்தான் வென்வ் (பேக்கேஜ்களைத் தனியா வைக்கும் ஃபோல்டர்) உருவாக மாட்டேங்குது. மூன்று, +2 பாடத்தில் பைத்தானிலிருந்து சி++ நிரலைக் கூப்பிடும் பகுதியும், பைப்ளாட்டில் வரைபடம் போடும் பகுதியும் லினக்ஸில் ஓடலை.

பாலாற்று_மணல்:

முதலாவது, வரி முடிவு. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு எழுத்து வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். 'கேட்' கட்டளையை '-A' சேர்த்து அந்த ஃபைலுக்குக் கொடுத்துப் பாருங்கள், முதல் வரியில் 'பாஷ்' என்ற சொல்லுக்கு ஒட்டினாற்போல் '^M' என்று இருக்கும். அந்த மிச்ச எழுத்தையும் சேர்த்து 'பாஷ்^M' என்ற புரோகிராமைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. டாஸ்2யூனிக்ஸ் போட்டு ஒருமுறை ஓட்டினால் சரி. நோட்பேட்++ வைத்திருந்தால் வரி முடிவை யூனிக்ஸ் என்று மாற்றிவிட்டால் இனி வராது.

இரண்டாவது, விர்ச்சுவல்பாக்ஸ் ஷேர்ட் ஃபோல்டரில் சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) உருவாக்க அனுமதி இல்லை, வென்வுக்கு அது வேண்டும். வென்வை லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்குள் வையுங்கள். பைத்தான் ஃபைல்கள் மட்டும் ஷேர்டில் இருக்கட்டும். வென்வ் இல்லாமல் நேராக பிப் போட்டால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' என்று தடுக்கும். அது பிழை அல்ல, சிஸ்டத்தின் பைத்தானைக் காப்பாற்ற டெபியன் வேண்டுமென்றே வைத்திருக்கும் பூட்டு. உண்மையில் கெஸ்ட் அடிஷன்ஸ் (ஷேர்ட் ஃபோல்டருக்காக விஎம்முக்குள் போடும் துணை மென்பொருள்), ஷேர்ட் ஃபோல்டர் இரண்டையும் விட்டுவிட்டு, எஸ்எஸ்எச் வழியாக ஃபைல் அனுப்பும் வின்எஸ்சிபி பயன்படுத்துங்கள். 2222 போர்ட் அதற்கும் போதும், ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் அடிஷன்ஸ் மாடியூலை மறுபடி கட்டும் வேலை மிச்சம். விஎஸ் கோடின் ரிமோட் வசதிப் பக்கம் மட்டும் போகாதீர்கள், லினக்ஸ் பக்கத்தில் அதற்கே குறைந்தது 1 ஜிபி கேட்கும்.

மூன்றாவது, கம்பைல் ஆன ஃபைலின் பெயரை மட்டும் சொல்லி ஓடச் சொன்னால் விண்டோஸ் இருக்கும் ஃபோல்டரிலேயே தேடும். லினக்ஸ் 'பாத்' என்ற ஃபோல்டர் பட்டியலில் மட்டும்தான் தேடும், நடப்பு ஃபோல்டர் அதில் இல்லை. ஓஎஸ்-சிஸ்டம் வரியில் ஃபைல் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்க்கச் சொல்லுங்கள். இது பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே விளக்க வேண்டிய விஷயம். வரைபடத்துக்குத் திரை இல்லை, அதனால் 'ஷோ' என்பதற்குப் பதில் 'சேவ்ஃபிக்' போட்டு பிஎன்ஜி படமாகச் சேமித்து விண்டோஸில் திறங்கள். மேட்ப்ளாட்லிப்பை பிப்பில் போடாமல் ஆப்டில் போடுங்கள்.

ஆரணி_தறி:

தமிழ் எழுத்து பத்தி யாரும் சொல்லலை, அதனால் சேர்க்கிறேன். விஎம்மோட கறுப்புத் திரையில் தமிழ் வராது. லினக்ஸ் கன்சோல் ஃபான்ட்டில் அதிகபட்சம் 512 வடிவம்தான் அடங்கும், கொம்பு, கால் சேர்த்து உருவாக்கும் வசதியும் இல்லை. பசங்க கட்டம் கட்டமா பார்த்துட்டு நிரல் தப்புன்னு நினைப்பாங்க. எஸ்எஸ்எச் வழியா வந்தா விண்டோஸ் ஃபான்ட்டில் தெரியும், கட்டத்துக்குள் அடைப்பதால் 'கொ', 'கோ' கொஞ்சம் முட்டிக்கும். சரியா பார்க்கணும்னா ஃபைலில் எழுதி எடிட்டரில் திறங்க.

இன்னொன்று, பைத்தானில் 'வணக்கம்' நீளம் கேட்டால் 7 வரும். எண்ணினால் 5 எழுத்து. ரெண்டு புள்ளியையும் தனித்தனி யூனிகோட் குறியாக எண்ணுது, விஎம்மில் கோளாறு இல்லை.

குடியாத்தம்_சென்டர்:

எல்லாம் சரியாகிவிட்டது. இதை மற்ற 4 லேப்டாப்புக்கும் எப்படிக் கொண்டுபோவது? ஒவ்வொன்றாக நிறுவணுமா?

சத்துவாச்சாரி_சர்வீஸ்:

வேண்டாம் சார். விஎம்மை முறையா ஷட்டவுன் பண்ணிட்டு, ஃபைல் மெனுவில 'எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்' போங்க. ஓவிஏன்னு ஒரே ஃபைல் வரும், பென் டிரைவ்ல போட்டு மத்ததுல இம்போர்ட் பண்ணுங்க. பென் டிரைவ் ஃபேட்32-ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது, எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணிக்கோங்க. இம்போர்ட் திரையில 'எல்லா நெட்வொர்க் அடாப்டருக்கும் புது மேக் முகவரி'ங்கிறதைத் தேர்ந்தெடுங்க (மேக்னா நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்கும் இருக்கிற அடையாள எண்). என்ஏடியில இருக்கிற வரைக்கும் பழைய மேக்கே இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. பின்னால யாராவது பிரிட்ஜுக்கு (விஎம் நேரா சென்டர் நெட்வொர்க்ல சேர்ற முறை) மாத்தினா அஞ்சு விஎம்மும் ஒரே ஐபி கேட்டு அடிச்சுக்கும். அந்த ஓவிஏவை ஒரு காப்பி பத்திரமா வெச்சுக்கோங்க. ஸ்னாப்ஷாட் வெச்சு ஓட்டாதீங்க, ஒவ்வொண்ணும் தனி ஃபைலா வளர்ந்துக்கிட்டே போயி டிஸ்க்கை நிரப்பும். எந்த விஎம் கெட்டாலும் அழிச்சுட்டு மறுபடி இம்போர்ட் பண்றது சுலபம்.

கரண்ட் போறப்போ பேட்டரி போன லேப்டாப் பட்டுனு அணையும், விஎம் ஃபைலுக்கு அது ஆகாது. விர்ச்சுவல்பாக்ஸ் மேனேஜர்ல 'பவர் ஆஃப்' பண்றதும் அதே மாதிரிதான், பசங்களுக்கு 'ஏசிபிஐ ஷட்டவுன்' எங்க இருக்குன்னு காட்டிடுங்க.

கத்திரி வெயில் நாள்ல வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுறப்போ விஎம் மறுபடி இழுத்தா, செட்டிங்கை நோண்டாதீங்க. டாஸ்க் மேனேஜர்ல சிபியு வேகத்தைப் பாருங்க. 2 ஜிகாஹெர்ட்ஸ் போகவேண்டியது 1-க்குக் கீழ நின்னா சூட்டுல பிராசசர் தானே வேகத்தைக் குறைச்சுக்கிட்டிருக்கு. அடிப்பக்கம் திருகைக் கழட்டி ஃபேனுக்கும் செம்புத் தகடுக்கும் நடுவுல பாருங்க, பஞ்சு மாதிரி தூசி அடைச்சிருக்கும். பிரஷ்ஷால எடுத்துட்டு, பிராசசர் மேல காய்ஞ்சு போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சுப் புதுசா தடவிடுங்க.