வெளிநாட்டுப் பாடகர் குழுவைக் கூப்பிடுகிறவர்களுக்கு, மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எங்கள் அனுபவம்

அக்கரைப்பற்றுச் சகோதரி கேட்டதற்குத்தான் எழுதுகிறேன். செப்டெம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒரு பாடகர் குழு அவர்களுடைய சபைக்கு வருகிறதாம், என்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். நாங்கள் போன வருடம் ஒன்பது பேரை எட்டு நாள் வைத்திருந்தோம். சாப்பாடு, படுக்கை பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நுளம்பு வலை, கொதித்தாறிய தண்ணீர், உறைப்புக் குறைத்த மீன்கறி, சட்டித் தயிரும் பாணியும், இவ்வளவும் இருந்தால் போதும். செப்டெம்பர் நல்ல மாதம்தான், இங்கே மழை கார்த்திகை மார்கழியில்தான் கொட்டும்.

கரண்ட் விஷயத்தில் நாங்கள் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230. நாங்கள் டவுனில் ஏழெட்டு அடப்டர் வாங்கி வைத்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்தோம், ஆனால் அந்த அடப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது என்று எங்களில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை. முதல் நாள் பின்னேரம் குழுவில் வந்த தம்பி கீபோர்ட்டின் பவர் பெட்டியைச் செருகினார். டிக் என்று ஒரு சத்தம், மறுகா பிளாஸ்டிக் கருகுகிற மணம். பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் 100-240 என்று இருந்தால் பயமில்லை, 120 என்று மட்டும் இருந்தால் செருகவே வேண்டாம். இப்போதே அந்த எழுத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கீபோர்ட்டும் ஸ்பீக்கரும் இங்கேயே இரவல் வாங்கினால் இன்னும் நல்லது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக.

2019 ஏப்ரல் 21 பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்தில் அந்த ஈஸ்டர் ஞாயிறு குண்டு வெடித்து இறந்தவர்களில் எத்தனை பேர் பிள்ளைகள். குண்டோடு வந்தவன் பையோடு வந்தவன். இதையெல்லாம் அறிந்த நாங்களே விருந்தாளிகளின் வருகையை யோசிக்கும்போது இதை யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை வான் வந்து ஆலயத்துக்கு முன்னால் நின்றது. ஒன்பது பேர் இறங்குகிறார்கள், ஒவ்வொருவர் முதுகிலும் தோளிலும் பெரிய கறுப்புப் பை, ட்ரம்ஸ் பெட்டிகள் வேறு. கேட்டில் நிற்கிற எங்கள் மூப்பர் அவர்களுக்கு வெள்ளிக்கிழமை தன் வீட்டில் இடியப்பமும் சொதியும் கொடுத்தவர், எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், ஆனாலும் கேட்டின் கொளுக்கியில் இருந்த அவர் கை எழும்பவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு மதில் ஓரமாக நகர்ந்தார். பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, வந்தவர்களுக்கும் விளங்கவில்லை, அவர்கள் சிரித்துக் கை அசைத்துக்கொண்டு நின்றார்கள். அது எங்கள் பிழை. அடுத்த ஆராதனைக்கு வாத்தியங்களை முதல் நாள் இரவே கொண்டுபோய், பெட்டிகளைத் திறந்து, மேடையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தோம். வரும்போது கையில் வேதாகமம் மட்டும்.

இன்னொன்று, அந்த ஈஸ்டர் நாளைப் பற்றி யாரிடமும் சாட்சி சொல்லச் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் புறப்பட முன்பே எழுதி அனுப்புங்கள். எங்களிடம் வந்த ஒரு சகோதரி நல்ல மனதோடுதான் கேட்டார், ஆனால் கேட்கப்பட்ட தாய் தேநீர்கூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். தாங்களாகச் சொன்னால் பக்கத்தில் இருந்து கேட்கட்டும், அது போதும்.

பாட்டு விஷயம். பாதி எங்கள் தமிழ்க் கீர்த்தனைகளாக இருக்கட்டும், ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்து, சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புங்கள். சுருதியைப் பேசி வையுங்கள், அவர்கள் பிடிக்கிற உயரத்தில் எங்கள் அம்மாமாருக்குப் பாட வராது. டோலக் வாசிக்கிற எங்கள் தம்பிக்கு இங்கிலீஷ் பெரிதாக வராது, அவர் ட்ரம்ஸ் வாசிப்பவரின் முழங்காலில் தட்டித் தட்டித் தாளம் காட்டினார், இரண்டு பின்னேரத்தில் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள்.

— — —

கல்முனையிலிருந்து:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசாவில் குறுக்குவழி வேண்டாம், சுற்றுலா விசாவில் வந்து மேடையேறினால் சிக்கல் வரலாம். கிறிஸ்தவ மத அலுவல்கள் திணைக்களத்தோடு மாதக்கணக்கில் முன்பே கதையுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிசில் அனுமதி எடுக்க வேண்டும், இரவு 10 மணிக்குப் பிறகு காலை 6 வரை பொதுவாகக் கிடைக்காது. எங்கள் மைதானம் பள்ளிவாசலுக்குக் கிட்ட என்பதால் நாங்கள் முதலே போய்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தோடு கதைத்து, மஃரிப் என்கிற அந்தித் தொழுகை முடிந்தபிறகுதான் தொடங்குவோம் என்று சொன்னோம். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள், பிளாஸ்டிக் கதிரை நூறும் அவர்களிடமிருந்துதான் வந்தது.

— — —

அக்கரைப்பற்றிலிருந்து:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. அடப்டர் நாங்களும் வாங்கி வைத்துவிட்டோம், நாளைக்கே படம் அனுப்பச் சொல்கிறேன். பைகளைப் பற்றி வாசித்ததும் எங்கள் கேட்டில் நிற்கிற ஐயாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. சனி இரவு ஆலயச் சாவி யாரிடம் இருக்கும் என்று போதகரிடம் கேட்டு வைக்கிறேன்.