பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 1980களின் உலகத்தை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

கேள்வி – கூடல்வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில், கோடை விடுமுறையின்போது 9 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை உலக வரலாறு சொல்லும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒரு பத்தாண்டை எடுத்துக்கொண்டு, அக்காலத்தில் உலகில் என்ன நடந்தது, மக்கள் எதைக் கேட்டார்கள், எதைப் பார்த்தார்கள், பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள் என்பதையெல்லாம் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது திட்டம். நான் 1980களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வரப்போகும் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் அந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள். தாத்தா பாட்டிகள் அந்தச் செய்திகளை வானொலியில் கேட்டவர்கள். எனவே நான் சொல்வதை வீட்டுக்குப் போய் விசாரித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆள் இருக்கிறது.

கைக்குக் கிடைக்கும் சிறுவர் நூல்கள்தாம் எனக்குச் சிக்கலாக இருக்கின்றன. ஒரு வகை நூல்கள் ஈரான்–ஈராக் போர், செர்னோபில், பெர்லின் சுவர் என்று ஆண்டுவாரியாகப் பட்டியல் போடுகின்றன. இன்னொரு வகை நூல்கள் ரூபிக் க்யூப், வாக்மேன், பேக்மேன், மைக்கேல் ஜாக்சன் என்று வண்ணப்படங்களை நிரப்பி, அந்தப் பத்தாண்டே ஓர் ஊர்த் திருவிழா போல நடந்து முடிந்ததாகக் காட்டுகின்றன. இரண்டும் ஒரே காலத்தில் வாழ்ந்த ஒரே மக்களின் கதை என்பது இரண்டு வகை நூல்களிலும் தெரிவதில்லை. அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே அணு ஆயுதப் போர் வந்துவிடுமோ என்ற அச்சம் அந்த ஆண்டுகள் நெடுகிலும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால், கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்திருந்த பெர்லின் சுவர் திறந்த இரவில் முன்பின் தெரியாதவர்கள் கட்டியணைத்து அழுததற்குக் காரணம் விளங்காது. சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம், எதை எந்த அளவுக்குச் சொல்லலாம் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் – மணற்கடிகாரம்

வணக்கம் அம்மா. நீங்கள் சொன்ன இரண்டாம் வகை நூலில் இருக்கும் விளையாட்டுப் பொருள்களைப் பிடித்துக்கொண்டே முதல் வகை நூலுக்குள் போய்விடலாம் என்பது என் எண்ணம். ரூபிக் க்யூபைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இன்றைய பிள்ளைகளுக்கும் அது பழகிய பொருள்தான். 1974-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் வடிவமைப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்த எர்னோ ரூபிக் என்ற ஆசிரியர், மரத்துண்டுகளைக் கொண்டு முதல் க்யூபைத் தம் கையாலேயே செய்தார். திருகிக் கலைத்த பிறகு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, செய்தவருக்கே ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு ஒரு நிம்மதி வரும்.

அதன் பிறகு வரைபடத்தை விரித்து ஹங்கேரி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். சோவியத் ஒன்றியத்தின் அணியில் இருந்த நாடு அது. அங்கிருந்து மேற்கு நாடுகளுக்கு மனிதர்கள் நினைத்தபடி போய்வர முடியாது. ஆனால் 1977-இல் உள்நாட்டுக் கடைகளுக்கு வந்த அந்த க்யூப், 1980-இல் ஓர் அமெரிக்கப் பொம்மை நிறுவனத்தின் வழியாக உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. 1982 ஜூன் மாதம் புடாபெஸ்டிலேயே முதல் உலகப் போட்டி நடந்தபோது, 22.95 நொடியில் முடித்து வென்றவர் மின் தாய் என்ற 16 வயது மாணவர். அவர் வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர். வியட்நாம் போர் முடிந்து அப்போது ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்த ஒரு பையனை வைத்துக்கொண்டு மூன்று நாடுகளின் கதையைச் சொல்லிவிடலாம்.

டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டையும் விட்டுவிடாதீர்கள். 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் அதை உருவாக்கினார். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதி கிடையாது; ஆகவே விழும் கட்டங்களை அவர் அடைப்புக்குறிகளாலேயே அமைத்தார். வண்ணக் கணினிக்கு அதை மாற்ற உதவியவர்களில் ஒருவரான வாதிம் கெராசிமோவுக்கு அப்போது வயது 16. இதைக் கரும்பலகையில் அடைப்புக்குறிகள் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் தாங்களும் நோட்டில் போட்டுப் பார்ப்பார்கள். விளையாட்டின் உரிமை அரசிடம் இருந்ததால், 1989-இல் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியோடு அது கோடிக்கணக்கான கைகளுக்குப் போனபோதும் உருவாக்கியவருக்கு உரிமைத் தொகை வரவில்லை. 1996-க்குப் பிறகே வரத் தொடங்கியது. அது நியாயமா என்று பிள்ளைகளையே கேளுங்கள். பொதுவுடைமை அரசுகளைப் பற்றிய நல்ல விவாதம் ஒன்று அங்கேயே தொடங்கிவிடும்.

பதில் – வரைபடம்

மேலே சொன்னவர் காட்டிய வழி நல்ல வழி. அச்சத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் தயக்கம் அங்கேதான் இருக்கிறது. அந்த அச்சத்தைப் பெரியவர்களின் வாயால் சொல்லாமல், அதே வயதுள்ள ஒரு பிள்ளையின் வாயால் சொல்லுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற சிற்றூரைச் சேர்ந்த சமந்தா ஸ்மித், தம் 10-ஆம் வயதில், 1982 நவம்பரில், சோவியத் ஒன்றியத்தின் புதிய தலைவர் யூரி அந்த்ரோபோவுக்குக் கடிதம் எழுதினார். புதிய பொறுப்புக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, இரு நாடுகளுக்கும் அணு ஆயுதப் போர் மூண்டுவிடுமோ என்று தமக்குக் கவலையாக இருப்பதாகவும், போர் வராமல் இருக்க அவர் என்ன செய்யப் போகிறார் என்றும் நேராகக் கேட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் பிள்ளைகள் மிகவும் விரும்பிக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கடிதத்தின் பகுதிகள் மாஸ்கோவின் பிராவ்தா நாளிதழில் வெளிவந்தன, ஆனால் சமந்தாவுக்குப் பதில் வரவில்லை. அவர் சும்மா இருக்காமல், அமெரிக்காவில் இருந்த சோவியத் தூதருக்கு இன்னொரு கடிதம் எழுதி, தலைவர் தமக்குப் பதில் எழுதுவாரா மாட்டாரா என்று கேட்டார். 1983 ஏப்ரலில் பதில் வந்தது. குடும்பத்தோடு வரும்படி அழைப்பும் அதில் இருந்தது. அந்த ஜூலையில் இரண்டு வாரம் சோவியத் ஒன்றியத்தைச் சுற்றிப் பார்த்த சமந்தா, கருங்கடல் கரையில் உள்ள ஆர்த்தெக் சிறுவர் முகாமில் அங்குள்ள பிள்ளைகளோடு தங்கினார். உடல்நலம் குன்றியிருந்த அந்த்ரோபோவை அவரால் நேரில் பார்க்க முடியவில்லை.

1985 ஆகஸ்டில் ஒரு விமான விபத்தில் சமந்தாவும் அவருடைய தந்தையும் இறந்துபோனார்கள். அப்போது அவருக்கு வயது 13. இதை மறைக்க வேண்டாம். யாராவது ஒரு பிள்ளை இணையத்தில் தேடித் தெரிந்துகொள்ளும். நீங்கள் சொல்லாமல் விட்டதும் அதற்குத் தெரிந்துவிடும். இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, சோவியத் அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டதைக் காட்டுங்கள்.

1983 செப்டம்பரில், ஐந்து ஏவுகணைகள் வருவதாகக் காட்டிய எச்சரிக்கைக் கருவியை நம்பாமல் பொறுமை காத்த சோவியத் அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவின் கதையும் இருக்கிறது. அதை 12 வயதினருக்கு மட்டும் சொல்லலாம். சிறியவர்களுக்கு அது இரவில் தூக்கத்தைக் கெடுக்கக்கூடும்.

பதில் – அறிவியல்மேசை

நான் பள்ளியில் அறிவியல் கற்பிப்பவன். விபத்துகளைச் சொல்லும்போது, என்ன நடந்தது என்பதோடு நிறுத்தாமல், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சொன்னால் பிள்ளைகளின் மனம் அச்சத்திலிருந்து ஆராய்ச்சியின் பக்கம் திரும்பிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 நொடிகளில் சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்டா மெக்காலிஃப் பள்ளி ஆசிரியை. 11,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப் போகிறார் என்பதால் அமெரிக்காவில் ஏராளமான மாணவர்கள் வகுப்பறைத் தொலைக்காட்சியில் அதை நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெடிப்புக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டாதீர்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் செய்ததைக் காட்டுங்கள். ஓடத்தை உந்திய ராக்கெட்டின் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டை அவர் சிறு இடுக்கியால் அழுத்திப் பிடித்து, மேசையில் இருந்த பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினார். எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. குளிரில் விறைத்த வளையம் கசிவைத் தடுக்காததே விபத்துக்குக் காரணம் என்பது அதில் விளங்கியது. ஏவுவதற்கு முந்தைய இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே போயிருந்தது; அந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் சிலர் எச்சரித்தும் இருந்தார்கள். இதைச் செய்து காட்ட விரும்பி வீட்டு ரப்பர் பேண்டைப் பனிக்கட்டியில் போட்டால் அது அந்த அளவுக்கு விறைப்பதில்லை, ஆகவே பழைய காணொளியே போதும். மெக்காலிஃபுக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த ஆசிரியை பார்பரா மார்கன் 2007-இல் விண்வெளிக்குப் போய் அங்கிருந்து மாணவர்களோடு பேசினார் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

செர்னோபிலுக்கு ஒரு செருப்புக் கதை இருக்கிறது. 1986 ஏப்ரல் 26 அன்று இன்றைய உக்ரைனில் உள்ள அந்த அணு உலை வெடித்ததைச் சோவியத் அரசு வெளியே சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் சுவீடனில் உள்ள ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில், ஊழியர் ஒருவரின் காலணியில் ஒட்டியிருந்த கதிரியக்கத் துகளைக் கருவி காட்டிக்கொடுத்தது. தங்கள் உலையில் கசிவில்லை என்று உறுதிசெய்துகொண்டவர்கள், காற்று வந்த திசையைப் பார்த்தார்கள். அன்று மாலையே மாஸ்கோ செய்தியை ஒப்புக்கொண்டது. இதைச் சொல்லும்போது 1984 டிசம்பரில் போபாலில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான நம் மக்கள் நச்சுவாயுவில் இறந்ததை விட்டுவிட்டு உக்ரைனுக்கு மட்டும் இரங்குவது பிள்ளைகளுக்குத் தவறான பாடம் ஆகிவிடும்.

இவற்றோடு ஓசோனையும் வைத்துக்கொள்ளுங்கள். அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்துவருவதை 1985-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்டார்கள்; குளிர்பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட வேதிப்பொருள்களைக் குறைக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கை 1987 செப்டம்பரிலேயே கையெழுத்தானது. பகைகொண்டிருந்த இரு அணிகளின் நாடுகளும் அதில் கையெழுத்திட்டன.

கூடல்வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் வாரம் க்யூபும் டெட்ரிஸும், இரண்டாம் வாரம் சமந்தா, மூன்றாம் வாரம் காலணியும் ரப்பர் வளையமும் என்று முடிவு செய்துவிட்டேன். பெர்லின் சுவரைக் கடைசி வாரத்துக்கு வைத்திருக்கிறேன். ஓர் அதிகாரி செய்தியாளர் கூட்டத்தில் வாய்தவறிச் சொன்னதால் சுவர் விழுந்தது என்று ஒரு நூலில் படித்தேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் அது போதுமா? 1985-இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நடந்த பெரிய இசை நிகழ்ச்சியையும் சேர்க்க நினைக்கிறேன்.

பதில் – வரைபடம்

அந்தக் கதை உண்மைதான், ஆனால் அது கதையின் கடைசி சில மணி நேரம் மட்டுமே. 1989 நவம்பர் 9 மாலை, கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சி அதிகாரி குந்தர் ஷபோவ்ஸ்கி, மக்கள் மேற்கே போக அனுமதிக்கும் புதிய பயண விதிகளைப் படித்தபோது, எப்போதிருந்து என்று ஒரு செய்தியாளர் கேட்டார். விதி மறுநாள்தான் நடைமுறைக்கு வரவேண்டும் என்பது அவருக்குச் சரியாகத் தெரியாததால், உடனடியாக என்று சொல்லிவிட்டார். மக்கள் கடவுப் பாதைகளில் திரண்டார்கள்; போர்ன்ஹோல்மர் தெருவில் மேலிடத்திலிருந்து தெளிவான ஆணை கிடைக்காத காவல் அதிகாரி, இரவு 11.30 மணி அளவில் தடுப்பைத் திறந்துவிட்டார்.

இதை மட்டும் சொன்னால், தெருவில் இறங்கிய மக்களின் துணிவு பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும். அதற்கு ஒரு மாதம் முன்னால், அக்டோபர் 9 அன்று, லைப்சிக் நகரில் ஏறத்தாழ 70,000 பேர் அமைதியாக ஊர்வலம் போனார்கள். பலர் கையில் மெழுகுவர்த்தி ஏந்தியிருந்தார்கள். சுட்டுவிடுவார்கள் என்ற அச்சத்தோடுதான் வந்தார்கள், ஆனால் அன்று துப்பாக்கி வெடிக்கவில்லை. அதற்கும் முன்னால் செப்டம்பரில் ஹங்கேரி தன் எல்லையைத் திறந்துவிட, கிழக்கு ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரியா வழியாக வெளியேறினார்கள். முதல் வாரம் க்யூபோடு காட்டிய அதே ஹங்கேரி என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 1961 முதல் அந்தச் சுவரில் குறைந்தது 140 பேர் உயிரிழந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பதில் – மணற்கடிகாரம்

இசை நிகழ்ச்சியைச் சேர்க்கலாம். 1985 ஜூலை 13 அன்று லண்டனின் வெம்ப்லி அரங்கிலும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் நடந்தது. ஃபில் காலின்ஸ் லண்டனில் பாடி முடித்து, கான்கார்ட் விமானத்தில் பறந்துபோய் மறுகரையிலும் பாடினார். ஆனால் மழை பெய்யாததால் மட்டும் பஞ்சம் வந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளாதபடி, அங்கே நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரையும் சொல்லுங்கள். அதே வெம்ப்லியில் 1988 ஜூனில், சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் 70-ஆவது பிறந்தநாளுக்காக இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. பசித்தவர்களுக்குப் பணம் திரட்டியதையும் ஒருவரின் விடுதலையைக் கேட்டதையும் அடுத்தடுத்துச் சொன்னால், ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரே படம் மனத்தில் பதியாது.

நூலகத்தில் 1990-க்கு முன் அச்சான அட்லஸ் ஒன்று இருந்தால் அதையே நான்கு வாரமும் பயன்படுத்துங்கள். இரண்டு ஜெர்மனி, சோவியத் ஒன்றியம், யூகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாக்கியா எல்லாம் அதில் இருக்கும். இன்றைய அட்லஸைப் பக்கத்தில் வைத்து வேறுபாடுகளைத் தேடச் சொல்லும்போது, 1990-இல் விடுதலை பெற்ற நமீபியாவையும் தேடச் சொல்லுங்கள். பழைய அட்லஸ்கள் சிலவற்றில் அது தென்மேற்கு ஆப்பிரிக்கா என்ற பெயரில்தான் இருக்கும்.