ஹூஸ்டன் முதல் கல்ஃப் ஷோர்ஸ் வரை ஆர்.வி. பயணம்: மார்ச்சில் 9 நாள் போதுமா?

மோர்க்குழம்பு:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மார்ச் ஸ்பிரிங் பிரேக்குக்கு (பள்ளி, கல்லூரி வசந்த லீவு) இப்பவே, ஆகஸ்ட்லயே, திட்டம் போடறோம். ஹூஸ்டன்ல 30 அடி கிளாஸ் சி ஆர்.வி. (கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கற வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை கிளம்பி அடுத்த ஞாயிறு திரும்பணும். நாங்க ரெண்டு பேர், 6 வயசு, 9 வயசுப் பிள்ளைங்க, மதுரையிலிருந்து வர்ற அம்மா (68, முட்டி வலி). இதுவரை ஆர்.வி. ஓட்டினதில்லை.

மெக்சிகோ வளைகுடாக் கரையோரமா போட்டு வச்சிருக்கற பட்டியல்: கால்வெஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், பிலாக்ஸி, கல்ஃப் ஷோர்ஸ், பென்சகோலா, டெஸ்டின், பனாமா சிட்டி பீச். வீட்டுச் சமையல்தான், சைவம். கேள்விகள் மூணு: இது 9 நாள்ல முடியுமா? எதை எப்போ புக் பண்ணணும்? வண்டிக்குள்ள தினமும் சாம்பார் வைக்கிற அளவுக்குச் சமைக்க முடியுமா?

பேயூப்பக்கம்:

பட்டியலில் பாதியை வெட்டுங்க. பனாமா சிட்டி, டெஸ்டின் ரெண்டும் மார்ச்சில் கல்லூரிப் பசங்க கூட்டம். யு.எஸ். 98 கடற்கரை ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் 30 அடி வண்டியை உருட்டறது லீவு இல்லை, வேலை.

கூகுள் காட்டுற நேரத்தோட கால் பங்கைக் கூட்டிக்கணும். இந்த வண்டிக்கு 55-60 மைல்தான் வேகம். ஒரு நாளைக்கு 200-225 மைல், மதியம் மூணு நாலு மணிக்குள்ள இடத்துக்குப் போயிடணும். இருட்டில் பின்னுக்கு எடுத்து நிறுத்துறதில்தான் மரக்கிளையும் மின்கம்பமும் அடி வாங்கும்.

எனக்குச் சரின்னு படற அமைப்பு:

சனி: ஹூஸ்டன் – ப்ரோ பிரிட்ஜ் (லாஃபயெட் பக்கம்), சுமார் 225 மைல். வாடகைக் கடையில் வண்டியைக் காட்டி விளக்கவே ஒண்ணரை மணி நேரம் ஆகும். முடிஞ்சா வெள்ளி மாலையே வண்டியை வாங்கிடுங்க.
ஞாயிறு, திங்கள்: மிசிசிப்பியில் ஓஷன் ஸ்பிரிங்ஸ், டேவிஸ் பேயூ முகாம். 200 மைல்.
செவ்வாய், புதன், வியாழன்: அலபாமாவில் கல்ஃப் ஸ்டேட் பார்க். 100 மைல்.
வெள்ளி: திரும்பும் வழியில் லூசியானாவில் மாண்டவில், ஃபோண்டன்ப்ளோ ஸ்டேட் பார்க். 190 மைல்.
சனி: லேக் சார்லஸ் பக்கம், 195 மைல்.
ஞாயிறு: 145 மைல், மதியத்துக்குள்ள வண்டியை ஒப்படைச்சிடலாம்.

மொத்தம் 1,050 மைல் வரும், உள்ளூர் சுத்தலையும் சேர்த்து 1,150-ன்னு வைங்க. காலனுக்கு 8-9 மைல்தான் கிடைக்கும், ஆக 130-140 காலன் பெட்ரோல். வாடகையில் நாளுக்கு 100 மைல்தான் சேர்த்தின்னா 900-க்கு மேல் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் தனிக் காசு. கையெழுத்துப் போடும் முன்னாடி அந்த வரியைப் படிங்க. ஜெனரேட்டருக்கும் மணிக்கணக்கில் கட்டணம் இருக்கும்.

புக்கிங்: டேவிஸ் பேயூ, பென்சகோலாவின் ஃபோர்ட் பிக்கன்ஸ் ரெண்டுமே கல்ஃப் ஐலண்ட்ஸ் நேஷனல் சீஷோரை (தேசியக் கடற்கரைப் பூங்கா) சேர்ந்தவை. 6 மாசம் முன்னாடி ரெக்ரியேஷன்.காவ் தளத்தில் திறக்கும். அதாவது உங்களுக்கு செப்டம்பர். ஸ்பிரிங் பிரேக் வாரம் திறந்த அன்னைக்கே போயிடும். கல்ஃப் ஸ்டேட் பார்க்கில் 496 இடம் இருக்கு, ஆனாலும் இன்னிக்கே பாருங்க. ஃப்ளோரிடா ஸ்டேட் பார்க்கை நினைச்சா இன்னொரு விஷயம்: 2024-லிருந்து அந்த மாநிலத்துக்காரங்களுக்கு 11 மாசம் முன்னாடியும் வெளியாளுங்களுக்கு 10 மாசம் முன்னாடியும் திறக்குது. மார்ச்சுக்கு நீங்க ஏற்கெனவே லேட்.

ஃபோர்ட் பிக்கன்ஸ் அழகுதான். ஆனா தீவு மேல ஒரே ரோடு. தெற்குக் காத்து பலமா அடிச்சா கடல் ரோட்டு மேல ஏறும், ரோட்டை மூடிடுவாங்க. உள்ளே மாட்டினா வெளியே வர முடியாது. ஞாயித்துக்கிழமை வண்டி ஒப்படைக்கணும்னு கட்டாயம் இருக்கறவங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு கல்ஃப் ஸ்டேட் பார்க்தான் பொருத்தம். தார் போட்ட சமதளப் பாதை மைல்கணக்கில் இருக்கு. ஏரிக்கரையில் முதலை உண்டு, பிள்ளைங்களைத் தண்ணி ஓரம் விளையாட விடாதீங்க. மார்ச்சில் கடல் தண்ணி 60 டிகிரி ஃபாரன்ஹீட் சொச்சம்தான், கால் நனைக்கலாம், குளிக்கக் குளிரும். கொடியைப் பாருங்க: ரெட்டைச் சிவப்புன்னா தண்ணியில் இறங்கவே கூடாது, ஊதான்னா ஜெல்லி மீன் மாதிரி கொட்டுறது ஏதோ வந்திருக்கு.

நியூ ஆர்லியன்ஸை இந்த வண்டியோட நினைக்காதீங்க. பேட்டன் ரூஜிலிருந்து ஸ்லைடெல் வரை ஐ-12 நெடுஞ்சாலை பிடிச்சு ஊரைச் சுத்திப் போயிடுங்க.

ஆறாம்நம்பர்_ஸ்பானர்:

ரூட்டை மேலே சொல்லிவிட்டார். நான் தண்ணீரும் மின்சாரமும் பேசுகிறேன். இந்தப் பயணம் எத்தனை நாள் ஓடும் என்பதை மைல் முடிவு செய்யாது, டேங்க் முடிவு செய்யும்.

வாடகை கிளாஸ் சி-யில் பெரும்பாலும் நல்ல தண்ணீர் 40 காலன், கிரே டேங்க் (குளியல், பாத்திரம்) 30 காலன், பிளாக் டேங்க் (கழிவறை) 30 காலன் சுமாராக இருக்கும். ஷவரில் நிமிடத்துக்கு 2 காலன் போகிறது. 5 பேர் ஆளுக்கு 3 நிமிடம் குளித்தாலே கிரே நிரம்பிவிடும். டேவிஸ் பேயூவில் தண்ணீரும் கரண்டும் உண்டு, சாக்கடை இணைப்பு கிடையாது. அங்கே முகாமின் குளியலறையையே பயன்படுத்துங்கள். கல்ஃப் ஸ்டேட் பார்க்கில் மூன்றும் உண்டு, அங்கே தாராளமாகக் குளிக்கலாம்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்று. கழிவறையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது பிளாக் டேங்குக்கு நல்லதுதான். திடக்கழிவு மிதந்தால்தான் வால்வைத் திறந்தவுடன் முழுக்க வெளியேறும். ஆனால் டேங்க் சீக்கிரம் நிரம்பும், மூன்று நாளில் காலி செய்யத் தயாராக இருங்கள். டேங்க் அளவு காட்டும் விளக்கை நம்பாதீர்கள். உள்சுவரில் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலியான டேங்கையும் நிரம்பியதாகக் காட்டும்.

காலி செய்யும் முறை: கையுறை போட்டு, 3 அங்குலக் குழாயை இரு பக்கமும் இறுக்கிப் பொருத்துங்கள். பிளாக் வால்வை முதலில் திறந்து, சத்தம் நின்றதும் மூடுங்கள். பிறகு கிரே, அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கடைசியாகக் கழிவறை வழியாக 3-4 காலன் தண்ணீரும் டேங்க் மருந்தும் விட்டு வையுங்கள். சாக்கடை இணைப்பு இருக்கும் இடத்தில் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, பிளாக் வால்வைத் திறந்தே வைப்பது. தண்ணீர் மட்டும் ஓடிப் போய், மற்றது குன்று போலக் காய்ந்து நிற்கும். அதை உடைக்க ஒரு நாள் போகும். கிரே வால்வைத் திறந்து வைக்கலாம், ஆனால் காலி செய்வதற்கு முந்தின இரவே மூடுங்கள், குழாய் கழுவத் தண்ணீர் சேரட்டும்.

குடிநீர்க் குழாய் வேறு, கழிவு கழுவும் குழாய் வேறு. முகாம் பைப்பில் அழுத்தம் அதிகமாக இருந்தால் வண்டிக்குள் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். 45-50 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டரை பைப் முனையில் மாட்டுங்கள், வண்டிப் பக்கம் அல்ல. வண்டிப் பக்கம் மாட்டினால் நடுவில் இருக்கும் குழாய்க்குப் பாதுகாப்பு இல்லை.

சமையல்: 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசி 13 ஆம்ப், கரண்ட் வாட்டர் ஹீட்டர் 12, இண்டக்‌ஷன் அடுப்பு 15. மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். சமைக்கும்போது ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிடுங்கள். ஊரிலிருந்து அம்மா 230 வோல்ட் மிக்ஸி கொண்டு வந்தால் அது இங்கே சரியாகச் சுற்றாது, 110 வோல்ட் மிக்ஸி வேண்டும். தாளிப்பதற்கு முன் கூரை ஃபேனை ஓடவிட்டு ஒரு ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள். மிளகாய் வற்றல் புகைக்கு ஸ்மோக் டிடெக்டர் கத்தத்தான் செய்யும், அதற்காக பேட்டரியைக் கழற்றாதீர்கள். தரையோரம் இருக்கும் கேஸ் டிடெக்டர் கத்தினால் மட்டும் விவாதமே வேண்டாம்: அடுப்பை அணைத்து, எல்லோரும் இறங்கி, வெளியே சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

வடித்த கஞ்சியும் எண்ணெயும் சிங்க்கில் போகவே கூடாது. கஞ்சி கிரே டேங்கில் ஒரே நாளில் புளித்து நாறும். குக்கரில் தண்ணீர் அளந்து வைத்துப் பொங்கிவிட்டால் வடிக்கும் வேலையே இல்லை. இட்லி மாவுப் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். குலுங்கலில் பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழியும். ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் வகை என்றால் வண்டி சமமாக நிற்க வேண்டும். உள்ளே திரவம் புவியீர்ப்பில் சுற்றி வருவதால், சாய்ந்து நின்றால் குளிராது, நாளடைவில் யூனிட்டே கெடும். சக்கரத்தடியில் வைக்கப் பிளாஸ்டிக் பலகைகள் 8-10 போதும். பெட்ரோல் போடும்போது கேஸ் ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

கரையோரம்_ஓட்டுநர்:

ஒரு விஷயம் யாரும் தொடலை, அதுதான் முதல் கேள்வியா இருக்கணும்: பிள்ளைங்க எங்க உட்காருவாங்க? "6 பேர் படுக்கலாம்"னு போட்டிருந்தா 6 சீட் பெல்ட் இருக்குன்னு அர்த்தம் இல்லை. சாப்பாட்டு மேஜை இருக்கையில் பல வண்டியில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். பூஸ்டர் சீட்டுக்கு இடுப்பும் தோளும் சேர்ந்த பெல்ட் வேணும். பின்பக்கம் பார்த்த இருக்கையில் கார் சீட்டே கட்டக் கூடாது. வாடகைக்காரரை அந்த பெல்ட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. முட்டி வலி அம்மாவுக்குக் கீழ்க் கட்டில்தான், டிரைவர் தலைக்கு மேல இருக்கற கட்டிலுக்கு ஏணி.

இன்ஷூரன்ஸ்: கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் ஆர்.வி.யை ஒதுக்கி வச்சிருக்கும். உங்க கார் பாலிசியையும் நம்பாம எழுத்தில் கேளுங்க.

ஓட்டும்போது: வண்டியின் உயரத்தை அடி-அங்குலமா எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்க. பின் சக்கரத்துக்குப் பின்னாடி 9-10 அடி நீட்டிக்கிட்டு இருக்கும். வலப்பக்கம் ஒடிச்சா வால் இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பம்ப் தூண் அடி வாங்குறது இப்படித்தான். லாரிங்க போடற பெரிய பங்க்கில் ஆர்.வி. லேன் இருக்கும், அங்க போங்க. டயர் காத்து காலையில், வண்டி ஓடறதுக்கு முன்னாடி, கதவுச் சட்டத்தில் ஒட்டின அளவுக்குப் பாருங்க. டயர்ச் சுவரில் டி.ஓ.டி.ன்னு (DOT) தொடங்கற எண்ணோட கடைசி 4 இலக்கம் தயாரிச்ச வாரமும் வருஷமும். 6 வருஷம் தாண்டியிருந்தா வேற வண்டி கேளுங்க.

ஐ-10-ல கவனிக்கற இடம் நாலு. லேக் சார்லஸ் பாலம் பழசு, செங்குத்து, ஓரத்தடம் கிடையாது. ஐ-210 சுத்துப்பாதைப் பாலமும் உயரம்தான், ஆனா அகலம், அதில் போங்க. அட்சாஃபலாயா சதுப்பு மேல 18 மைல் பாலம், நடுவில் ரெண்டே எக்ஸிட், பிள்ளைங்களுக்கு முன்னாடியே பாத்ரூம் முடிச்சிடுங்க. பேட்டன் ரூஜ் ஆத்துப் பாலம் தாண்டினதும் கிழக்கே போற ஐ-10 ஒரே லேனா சுருங்கும், மாலை 3-லிருந்து 7 வரை அங்க போகாதீங்க. மொபைல்ங்கற ஊரில் (அலபாமா) ஐ-10 சுரங்கத்தில் ஆர்.வி. போகலாம், பக்கத்தில் இருக்கற பழைய பேங்க்ஹெட் சுரங்கம் 12 அடி உயரம்தான், ஜி.பி.எஸ். அந்தப் பக்கம் இழுத்தா கேட்காதீங்க. அதைத் தாண்டி கல்ஃப் ஷோர்ஸ்க்கு 59-வது ரோட்டில் போனா ஃபோலி ஊர் சிக்னல் எல்லாம் பார்க்கலாம். 49-வது எக்ஸிட்டில் பால்ட்வின் பீச் எக்ஸ்பிரஸ் எடுங்க, முன்னாடி இருந்த பாலச் சுங்கமும் 2024-ல போயிடுச்சு.

மார்ச்சில் வாரத்துக்கு ஒரு குளிர்க்காத்து முகப்பு வரும். முன்னாடி இடிமழை, பின்னாடி வடக்குக் காத்து. காத்து 25-30 மைல் தாண்டினா பாலங்களில் வண்டி பக்கவாட்டில் தள்ளும், 45-50-க்கு இறக்குங்க. 35 தாண்டினா கிளம்பவே வேண்டாம். சூறாவளி (டொர்னாடோ) எச்சரிக்கை வந்தா வண்டிக்குள்ள இருக்காதீங்க, முகாமின் காங்கிரீட் குளியலறைக் கட்டடத்துக்குப் போங்க. போய் இறங்கின உடனே அது எங்கன்னு பார்த்து வைக்கணும்.

மோர்க்குழம்பு:

மூணு பேருக்கும் நன்றி. டெஸ்டின், பனாமா சிட்டி, நியூ ஆர்லியன்ஸ் எல்லாம் வெட்டியாச்சு. வண்டியும் 30 அடியிலிருந்து 25-க்கு இறக்கலாமான்னு பார்க்கிறோம். ஒரே ஒரு ஆசை, போகும்போது கால்வெஸ்டன் வழியா படகில் வண்டியை ஏத்திப் போனா பிள்ளைங்க சந்தோஷப்படும். செய்யலாமா?

பேயூப்பக்கம்:

அந்த ஃபெரி இலவசம், ஆர்.வி. ஏறலாம், கேஸ் வால்வை மூடிட்டு ஏறுங்க. ஆனா ஸ்பிரிங் பிரேக் சனிக்கிழமை வரிசை மணிக்கணக்கில் நிக்கும். அக்கரையில் 87-வது ரோடு ஹை ஐலண்டுக்கு அப்பால் கடல் அரிச்சு மூடிக் கிடக்கு; 124-ல வடக்கே வின்னி போய்த்தான் ஐ-10 பிடிக்கணும். ஹை ஐலண்டின் பறவைக் கூட்டமும் ஏப்ரலில்தான். முதல் நாள் வேண்டாம். ஏப்ரலில் ஒரு வாரநாள் காரில் போய்ட்டு வாங்க.

25 அடி எடுக்கறதா இருந்தா பெல்ட் எண்ணிக்கையை மறுபடி கேளுங்க. டேங்க் அளவையும்தான்.